லாபமெல்லாம் பின்னால்தான்

முப்பத்தெட்டு என்கிறது போன். இருபத்தொன்று என்கிறது வண்டி. பேட்டரியில் இந்த இரண்டில் எந்தச் சதவீதத்தோடு இந்த ஃபாஸ்ட் சார்ஜருக்கு முன்னால் வந்து நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து கயத்தாறு வரைக்கும் ரோட்டைப் பார்த்த அளவுக்கு அந்த எண்ணையும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் மூஞ்சிய இத்தன தடவ பாத்திருப்பீங்களா?" என்று விருதுநகர் தாண்டும்போதே தமயந்தி கேட்டாள். சாத்தூரில் ஒரு எண் இருந்தது, கோவில்பட்டி பைபாஸில் ஒரு எண் இருந்தது, அப்புறம் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்ததும் ஆனி மாதக் காற்றில் எண்கள் மளமளவென்று இறங்கின. இறங்கிக்கொண்டே வந்தது என்பது மட்டும் நிச்சயம். எதில் வந்து நின்றது என்பதுதான் இல்லை. அந்த இடத்தில் கை வைத்தால் வெறும் இடமாக இருக்கிறது. ஹோட்டல் வளாகத்துக்குள் திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்து, "பரவால்ல, நெறைய இருக்கு" என்றாள். இருபத்தொன்றைப் பார்த்து யாரும் நிறைய என்று சொல்லமாட்டார்கள். அவள் சொல்வாள். பெட்ரோல் வண்டி வைத்திருந்த காலத்தில் முள் சிவப்பில் படுத்த பிறகும், போயிரலாம் போங்க என்று சொன்னவள்தான். அதனால் அவளையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. சார்ஜர் பெட்டிக்குள் விசிறி இரைகிறது, அப்படியானால் கரண்ட் ஓடுகிறது. சார்ஜர் வயரின் முனையில் இருக்கிற கன்னை நான்தான் வண்டியில் சொருகினேன், அது மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. போனில் முப்பத்தொன்பது ஆகிவிட்டது. வண்டித் திரையில் அதே இருபத்தொன்று, கல்லில் வெட்டினது மாதிரி. எங்கேயோ ஏறுகிறது, இங்கே ஏறவில்லை. வண்டிதான் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டிருக்கட்டும். இதைவிட நல்ல செய்தி எனக்கு இப்போது கிடையாது. வண்டி கெட்டால் கட்டி இழுத்துக்கொண்டு போக ஆள் வரும், வாரண்டி இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது. கெட்டது வண்டி இல்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

தமயந்தி உள்ளே டீ குடிக்கப் போயிருக்கிறாள். அவளுடைய தம்பி சுயம்புலிங்கத்தின் மகளுக்கு இன்று சாயங்காலம் நாகர்கோவிலில் கல்யாண வரவேற்பு. அங்கே வருகிற குழந்தைகளுக்கெல்லாம் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவாள், நேரமாகும். அதற்குள் பதில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் கிளம்பும்போது வந்த செய்தி போனில் மேலேயே நிற்கிறது, தள்ளிவிட்டாலும் திரும்ப வந்து நிற்கிறது. இந்த மின்சார வண்டியை வாங்கி மூன்று வருஷம் முடியப்போகிறது. வாங்கும்போதே கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: மூன்றாம் வருஷக் கடைசியில் வேண்டாம் என்றால் அவர்களே பேசிய விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்றால் நாமே வைத்துக்கொள்ளலாம், பேட்டரிக்கு மேற்கொண்டு ஐந்து வருஷம் அவர்கள் பொறுப்பு, அப்புறம் நம் பாடு. வைத்துக்கொள்வதென்றால் ஒன்று என்று அனுப்ப வேண்டும், திருப்பிக் கொடுப்பதென்றால் இரண்டு. இன்று மாலைக்குள். பதில் வராவிட்டால் வைத்துக்கொண்டதாக அர்த்தமா, கொடுத்துவிட்டதாக அர்த்தமா என்று எழுதவில்லை, அல்லது எழுதியிருந்து நான் படிக்காமல் விட்டேன். தமயந்திக்கு இதில் சந்தேகமே கிடையாது. "மூணு வருஷம் நாம வண்டிக்குக் குடுத்தோம், இனிமேதான் அது நமக்குக் குடுக்கும். பெட்ரோல் கெடையாது, ஆயில் மாத்துறது கெடையாது. லாபமெல்லாம் பின்னாலதான் இருக்கு, இப்பப் போயி யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?" சரிதான். ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானும் இதைத்தான் எதிரில் வருகிறவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆரம்ப வருஷங்களில் முறித்தால் கையில் ஒன்றும் நிற்காது சார், பொறுமையாக இருங்கள், பலனெல்லாம் கடைசியில் இருக்கிறது. முதிர்வுத் தேதியைப் படித்துக் காட்டும்போது எதிரில் இருப்பவர் அந்த வருஷத்தைத் தன் வயதோடு கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரியும். ஒரு நொடி இருட்டி, பிறகு கையெழுத்துப் போடுவார். சுயம்புலிங்கம் வேறு கட்சி. "அத்தான், இது வண்டியா போனா? எங்க வீட்டுக்கு வந்தா ஆள விசாரிக்குததுக்கு முன்ன பிளக் பாயிண்டத் தேடுதீங்க. பேட்டரி போச்சுன்னா இத பேரீச்சம்பழத்துக்குக்கூட எடுக்கமாட்டான், கேட்டுக்கிடுங்க." நான் தயங்குவதைப் பார்த்து, தம்பி பேச்சில்தான் விழுந்துவிட்டேன் என்று தமயந்தி நினைக்கிறாள். பேட்டரியைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு அப்புறமும் பேட்டரி இருக்கும். அதை ஓட்டுகிறவன் இருப்பானா, அதாவது உயிரோடு இருப்பானா என்பது கூட இல்லை, உயிரோடு எல்லாரும்தான் இருக்கிறார்கள், அண்ணனும்தான் இருக்கிறார். அண்ணனுக்கு ஓய்வு பெறுகிற வயதுக்கு முன்னாலேயே ஞாபகம் போக ஆரம்பித்தது. அந்த வயதுக்கு எனக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது நான் மதினிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணாடியில் யாரோ தட்டுகிறார்கள். உடம்பு தூக்கிப் போடுகிறது. அதே சார்ஜரின் இன்னொரு கன்னில் நிற்கிற வெள்ளை வண்டிக்காரர், அகலமான ஆள், சட்டைப்பையில் இரண்டு போன். கண்ணாடியை இறக்கினால் காற்று ஒரு பிடி கரிசல் மண்ணை உள்ளே போடுகிறது. "சார், தப்பா நெனைக்காதிய. நான் இன்னும் பட்டனே அமுக்கல, என் ஆப்பு சுத்திக்கிட்டே கெடக்கு. ஆனா வண்டி தன்னால ஏறுது. உவரி அந்தோணியார் புதுமைதான்னு நெனச்சேன். பெறகு பாத்தா நீங்க போனையும் வண்டியையும் மாத்தி மாத்தி முழிச்சுக்கிட்டு இருக்கீய. எந்தக் கன்னப் போட்டிய, ஏ-யா பி-யா?" பி, என்கிறேன். "போனக் காட்டுங்க." காட்டுகிறேன். ஏ. பச்சையாக, பெரியதாக, யார் பார்த்தாலும் ஏ. அவர் சிரிப்பதற்கு நேரம் எடுத்துக்கொள்ளவே இல்லை, வயிறு குலுங்கச் சிரிக்கிறார். என் பணத்தில் அவர் வண்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்தெட்டு அவருடைய முப்பத்தெட்டு. நான் இருபத்தொன்றோடு வந்தவன். நிறுத்தி, பி-யைத் தேர்ந்து, விரலை அதன் மேல் வைத்தபடி அவரைப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகு அமுக்குகிறேன். திரையில் இருபத்தொன்று அசைந்து இருபத்திரண்டு ஆகிறது. "எல்லாரும் செய்யிறதுதான் சார். விழுப்புரத்துல நான் ஒரு டாக்டரம்மா வண்டிக்கு ஏத்திவிட்டுட்டு என் வண்டிக்குள்ள நிம்மதியா தூங்கிட்டேன். அந்தம்மா வந்து தேங்க்ஸ் சொல்லிட்டுப் போகுது, எனக்கு எதுக்குன்னே வெளங்கல. இந்த ரெட்டைக் கன்னு வச்சவன ஒதைக்கணும். நான் மிக்கேல், தூத்துக்குடி, உப்பு யாவாரம். இருங்க, நீங்க ஏத்துன கரண்டுக்கு ஒரு டீயாச்சும் வாங்கித் தாரேன்." வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார்.

எல்லாரும் செய்கிறதுதான். கண்ணாடியை ஏற்றுகிற வரைக்கும் அந்த வார்த்தை இதமாக இருந்தது. ஏற்றியதும் வண்டிக்குள் அது மட்டும் மிஞ்சியது. எல்லாரும் செய்கிறார்கள், சரி. ஆனால் நான் அமுக்கும்போது பி என்று சொல்லிக்கொண்டே அமுக்கினேன். உதடு ஒட்டித் திறந்தது ஞாபகம் இருக்கிறது. வாய் பி சொன்னது, கை ஏ-வுக்குப் போனது, கண் அதைப் பார்த்துச் சரி என்றது. எல்லாருக்கும் அப்படித்தானா? அவசரத்தில் மாறுவது வேறு, சொல்லிக்கொண்டே மாறுவது வேறு இல்லையா? இல்லை, இரண்டும் ஒன்றுதான். இல்லை. அண்ணன் கதிரேசன் அருப்புக்கோட்டை டிப்போவில் அரசு பஸ் ஓட்டினார், மதுரை லைன். ஒருநாள் காரியாபட்டியில் ஸ்டாண்டுக்குள் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. "என்னண்ணே, மாமியா வீட்டுக்கா?" என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தன் கேட்டானாம். அண்ணனும் சிரித்தார், ரிவர்ஸ் எடுத்து உள்ளே விட்டார், ராத்திரி வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன், நானும் சிரித்தேன். எல்லாரும் செய்கிறதுதான். அப்புறம் ஒருநாள் சட்டையை மாட்டிக்கொண்டு சட்டையைத் தேடினார். அதுவும் எல்லாரும் செய்கிறதுதான், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடாத ஆள் உண்டா? அப்புறம் பேரன் பேர். எந்த இடம் வரைக்கும் எல்லாரும் செய்கிறது, எந்த இடத்திலிருந்து அவர் மட்டும் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மதினி இன்றைக்கும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். காரியாபட்டியிலயே ஆரம்பிச்சிருச்சோ தம்பி, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணுமோ என்று போனில் கேட்பாள். அங்கே ஒரு கோடு கிழித்திருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நிம்மதியாக இருக்கலாம். கோடு இல்லை. வந்த பிறகு திரும்பிப் பார்த்தால்தான் காரியாபட்டி காரியாபட்டியாகத் தெரிகிறது. கயத்தாறு?

இருபத்தேழு. பயத்தை ஒதுக்கிவைக்க இந்த எண் போதும், அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஏறுகிறது என்றால் என்ன, பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, வண்டி ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். சர்வீஸில் கேட்டேன். அப்படி நேராக அளக்க முடியாது சார், ஒரு மதிப்பீடுதான் என்றார்கள். போதும், நிறுத்து, மூளையையும் பேட்டரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற இந்தப் புத்தி மலிவானது, பேட்டரியைத் தூக்கி வேறு போடலாம். சித்திரையில் அண்ணனை மதுரையில் டாக்டரிடம் காட்ட இந்த வண்டியில்தான் கூட்டி வந்தோம். முன்சீட்டில் அவர், பின்னால் மதினியும் தமயந்தியும். தெருமுனை தாண்டி ரோட்டில் ஏறியதும் அண்ணன் தலையைச் சாய்த்துக் காதைக் கீழே கொண்டுபோனார். "தம்பி, எஞ்சினப் போடு." போட்டாச்சுண்ணே, இதுக்குச் சத்தம் வராது. "எஞ்சினப் போடுப்பா. நியூட்ரல்ல உருளுது." உருளலண்ணே, நான் ஓட்டுறேன், கரண்ட்ல ஓடுது. அவர் கேட்கவில்லை. வலது காலால் தரையை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், அங்கே பிரேக் இல்லை. வெள்ளரிக்காய் விற்கிறவர்கள், மினி பஸ், ஒரு ஆட்டு மந்தை, எல்லாம் எங்களை நோக்கி வந்தன, நான் பார்த்தது சாதாரண ரோடு, அவர் பார்த்தது எஞ்சின் அணைந்து இறக்கத்தில் உருளுகிற ஒரு பஸ். அவருடைய முகம் வேர்த்துவிட்டது. பின்னால் திரும்பி, வண்டி நிறைய ஆள் இருக்கிற மாதிரி குரலை உயர்த்தி, "எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்கங்க, கொழந்தைகளப் பிடிச்சுக்கங்க" என்றார். மதினி மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி கழித்துத் தமயந்தியும் பிடித்துக்கொண்டாள். நான் ஓரம் கட்டி நிறுத்தினேன். அண்ணன் மூச்சு விட்டார், என் தோளைத் தட்டினார். "பொழச்சோம். நல்லா நிறுத்துன. நீ எந்த டிப்போ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு இந்த வண்டியின் அமைதி எனக்கு ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு கணம் நானும் காதைக் கீழே கொண்டுபோகிறேன். வெளியே இருந்து பார்த்தால் மறதி என்பது ஏதோ சாமான் தொலைகிற மாதிரி தெரிகிறது. உள்ளே அது அப்படி இல்லை போலிருக்கிறது. உள்ளே எல்லாம் இருக்கிறது, பிரேக் இருந்த இடம் கூடக் காலுக்குத் தெரிகிறது, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் பொறுப்பு கூட இருக்கிறது, பிடித்து நிறுத்துவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு மிஞ்சியது பயணிகள். எனக்கு என்ன மிஞ்சும், பிரீமிய அட்டவணையா? யாராவது ஒருத்தரிடம் முதிர்வுத் தேதியைப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பேனா, தமயந்தி எதிரில் உட்கார்ந்து சரி சார் என்று கேட்டுக்கொண்டிருப்பாளா? அவள் கேட்டுக்கொள்வாள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இத்தனை காலம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள், ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறவர்களுக்குப் பத்து முறையும் முதல்முறை மாதிரி பதில் சொல்வாள். அண்ணன் சாப்பிடுகிற மாத்திரையின் பேர் அவளுக்குச் சீட்டைப் பார்க்காமலே தெரியும்.

டீ வருகிறது. காகிதக் கப் சுடுகிறது. அவர் என் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு காற்றாலைகளைப் பார்த்து ஊதி ஊதிக் குடிக்கிறார். அவர் பேர். இப்போதுதான் சொன்னார். தூத்துக்குடி, உப்பு, விழுப்புரத்து டாக்டரம்மா, எல்லாம் இருக்கிறது, பேர் இல்லை. அந்தோணி இல்லை, அந்தோணியார் புதுமை என்றார், அதனால் அந்தோணி என்று தோன்றுகிறது, அது இல்லை. ஏதோ சம்மனசு பேர், தேவதூதர் பேர். கபிரியேல். ரபேல். இல்லை. சின்னப் பேர். கேட்டுவிடலாம், கேட்பதில் ஒன்றும் இல்லை, பேர் சொன்னீங்களே மறந்துட்டேன் என்றால் எல்லாரும் செய்கிறதுதான் என்பார், அந்த வார்த்தையை இன்னொரு தரம் என்னால் கேட்க முடியாது. பேச்சை வேறு பக்கம் திருப்புகிறேன். இந்த மாதிரி ஒரு பதில் அனுப்ப வேண்டியிருக்கிறது, வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா, நீங்க என்ன சார் செய்வீங்க? "நானா? நான் இத சாகுறவரைக்கும் ஓட்டுவேன். பேட்டரி தளந்து பாதிக்கு வந்துட்டுன்னா கழத்தி உப்பளத்துல பம்புக்கு மாட்டிருவேன். ரோட்டுக்குத்தான் அது ஆகாது, தண்ணி எறைக்க ஆகும். மிச்சம் இருக்குறது எதுக்காச்சும் ஆகும்லா சார், தூக்கியா போட முடியும்?" நல்ல பதில். நியாயமான பதில். மதினி அண்ணனுக்கு முன்னால் ஒரு சுளகில் வேர்க்கடலையை உரிக்கக் கொடுக்கிறாள். அவர் காலையிலிருந்து உரிக்கிறார், பருப்பையும் தோலையும் ஒரே இடத்தில் போடுகிறார், மத்தியானம் அவர் தூங்கும்போது அவள் உட்கார்ந்து பிரித்தெடுக்கிறாள். மிக்கேல். மிக்கேல், மிக்கேல். வந்துவிட்டது. வந்ததில் சந்தோஷம் இல்லை. போய்விட்டு வந்தது என்பதுதான் இருக்கிறது. "சரி மிக்கேல் சார்" என்று தேவையில்லாமல் பேரைச் சொல்கிறேன், அவர் திரும்பிப் பார்க்கிறார்.

ஐம்பதைத் தாண்டிவிட்டது. என்னை நானே சோதித்துப் பார்க்கலாம். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை ஃபாஸ்ட் சார்ஜர் எங்கெல்லாம் இருக்கிறது, வரிசையாக. வண்டி வாங்கிய புதிதில் இந்த ரோட்டில் கைவிரலில் பாதிகூட இருக்காது, ஒன்று வேலை செய்யாவிட்டால் அடுத்ததற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். இப்போது டீக்கடை மாதிரி ஆகிவிட்டது. திருமங்கலத்தில் டோலுக்கு முன்னால் துணிக்கடைக்குப் பின்புறம் ஒன்று. விருதுநகரில் இரண்டு, அதில் ஒன்றில் கன் சொருகினால் சொருகினதுதான், கழற்ற அடிக்க வேண்டும். சாத்தூரில் பாலம் இறங்கினதும். கோவில்பட்டியில் மூன்று, நடுவில் இருப்பது வெயிலில் நிற்கும், கூரை கிடையாது. கயத்தாறு இது. கங்கைகொண்டானில் ஒன்று, திருநெல்வேலியில் பைபாஸில், நாங்குநேரி, வள்ளியூர். சரியாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனா? ஒன்றை விட்டிருந்தால் விட்டது எனக்கு எப்படித் தெரியும்? விட்டுப்போனது கையைத் தூக்கி நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லாது. பக்கத்தில் இருக்கிற இரண்டும் நகர்ந்து ஒட்டிக்கொண்டு இடைவெளியே தெரியாமல் செய்துவிடும். போனில் பார்த்துச் சரிபார்க்கலாம், ஆனால் போனில் பார்த்துச் சரிபார்ப்பதுதானே இப்போது எல்லாமும். எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம், அங்கே எத்தனை வண்டி நிற்கிறது, எல்லாவற்றையும் அதுவே சொல்கிறது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதனால் நினைவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழி இல்லாமல் போயிற்று. அண்ணனுக்கு ரோடு இருந்தது, பயணிகள் இருந்தார்கள், தப்பாகப் போனால் பஸ்ஸே சிரித்தது. நான் தப்பாகப் போனால் இந்த வண்டி மரியாதையான குரலில் வேறு வழி சொல்லும், சிரிக்காது, நான் திரும்புவேன், யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படி எத்தனை முறை ஏற்கனவே திரும்பியிருக்கிறேன்?

இரண்டு என்று அடித்துவிட்டேன். கட்டைவிரல் அனுப்புகிற பட்டன் மேல் நிற்கிறது. இரண்டு என்றால் முடிந்தது. வண்டியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போகலாம், ரயிலில் போகலாம், ஓட்டத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாத ஒரு வாழ்க்கைக்குள் இப்போதே போய் உட்கார்ந்துவிடலாம், அப்புறம் அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்தால் வரட்டும், எடுத்துக்கொள்ள அதற்கு ஒன்று குறைவாக இருக்கும். இது தந்திரமா? கோழைத்தனம். கொடுப்பதற்கு என்ன காரணம் சொல்வேன்? சுயம்புலிங்கம் சொன்னதுதான் சரி என்பேன். பேட்டரி மேல் நம்பிக்கை இல்லை என்பேன். நல்ல பேட்டரி மேல் பழி போட்டு அனுப்பிவிடுவேன். ஒன்று என்றால்? ஒன்று என்றால் இன்னும் ஐந்து வருஷம், அதற்கு மேலும், நான் நானாக இருப்பேன் என்று எழுதிக் கொடுப்பது. அப்படி எழுதிக் கொடுக்க நான் யார்? அலுவலகத்தில் எனக்கு எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தர் கூட எழுந்து போகவில்லை. எப்படிப் போட்டார்கள்?

எண்பதுக்கு மேல் மெதுவாகிவிட்டது, விசிறியின் இரைச்சல் தணிந்துவிட்டது. "அப்ப வாறேன் சார், இனிமே கன்னப் பாத்துப் போடுங்க, எல்லாரும் என்ன மாதிரி தங்கமான ஆளா இருக்கமாட்டான்" என்று மிக்கேல் கை காட்டிவிட்டுக் கிளம்புகிறார். அவர் வண்டி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து வளைந்து போகிறது. தமயந்தி இரண்டு கைகளிலும் பைகளோடு வருகிறாள், காற்று அவள் முந்தானையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கிறது, பல்லால் அதன் நுனியைக் கடித்துக்கொண்டு நடக்கிறாள். பைகளைப் பின்சீட்டில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "அனுப்பிட்டீங்களா?" அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்று சொல்கிறேன். சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறேன். இங்கே என்ன நடந்தது தெரியுமா, ஏ-க்கும் பி-க்கும் மாறிப்போய் ஒரு உப்பு வியாபாரிக்கு என் காசில் கரண்ட் ஏற்றிவிட்டேன், அவர் அந்தோணியார் புதுமை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நன்றாகவே சொன்னேன், அவருடைய இழுவையோடு. அவள் சிரிக்கிறாள். ஆனால் உடனே சிரிக்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள், ஆஸ்பத்திரி ஜன்னலில் சீட்டை வாங்கிப் படிப்பது போல மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை, அப்புறம்தான் சிரிக்கிறாள். எல்லாரும் செய்யிறதுதான் என்று சொல்வாள் என்று காத்திருக்கிறேன். கேட்க முடியாது என்று சற்றுமுன் நினைத்த அதே வார்த்தை, இப்போது அவள் வாயிலிருந்து வந்தால் போதும். அவள் சொல்லவில்லை. "எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்கிறாள். நான் கவனிக்கவில்லை, அவர்தான் தட்டிச் சொன்னார் என்கிறேன். "ம்" என்கிறாள். அந்த ம்-இல் புதிதாக எதுவும் இல்லை. என் தடுமாற்றங்களை எண்ணிக்கொண்டிருப்பது நான் மட்டும் இல்லை என்பது அந்த ம்-இல் தெரிகிறது. எப்போதிலிருந்து? சித்திரையிலிருந்தா, அதற்கும் முன்னாலா, அவளிடம் ஒரு காரியாபட்டி இருக்கிறதா, இருந்தால் அது எது, அன்றைக்கு நான் என்ன செய்தேன்? கேட்டால் சொல்வாள். அவள் பொய் சொல்லமாட்டாள், அதனால் கேட்க முடியாது.

என் கையிலிருந்து போனை எடுக்கிறாள். அனுப்பாமல் நிற்கிற இரண்டைப் பார்க்கிறாள். எதற்கு இரண்டு என்று கேட்கவில்லை, தம்பியைத் திட்டவில்லை, லாபக் கணக்குச் சொல்லவில்லை. இரண்டை அழித்து ஒன்று போட்டு அனுப்பிவிட்டுப் போனை அதன் தாங்கியில் வைக்கிறாள். "வண்டி வேணும்ங்க நமக்கு. இனிமேதான் வேணும்" என்கிறாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, முன்புறமாகச் சுற்றி என் பக்கம் வந்து நிற்கிறாள். "எறங்குங்க. நாகர்கோவில் வரைக்கும் நான் ஓட்டுறேன்." பழைய பெட்ரோல் வண்டியைப் பாதி நாள் அவள்தான் ஓட்டினாள், இது வந்த பிறகு தொட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. உனக்கு இந்த வண்டி பழக்கம் இல்லையே, என்கிறேன். "பழகிக்கணும்ல?" என்று, கடைக்குப் போய் வருகிறேன் என்பது போலச் சொல்கிறாள். இறங்குகிறேன். கன்னைக் கழற்றிச் சார்ஜர் பெட்டியில் திரும்ப மாட்டுகிறேன், பி-யில்தான் மாட்டுகிறேன், இரண்டு முறை பார்க்கிறேன். நான் சுற்றி வருவதற்குள் அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பியாயிற்று. இந்த இடது பக்கத்துச் சீட்டிலிருந்து ரோடு வேறு மாதிரி இருக்கிறது, முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லை, கால் தானாகத் தரையை அழுத்தப் பார்க்கிறது, மடக்கிக்கொள்கிறேன். வண்டி நகர்கிறது, சத்தமே இல்லை. பெல்ட்டுக்காகக் கை வலது தோளுக்குப் பின்னால் போகிறது. இல்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறது, சீட்டின் விளிம்பு, அவளுடைய முழங்கை, வெறும் காற்று, இல்லை. யாருக்கும் இப்படி நடக்கும், இந்தச் சீட்டில் உட்கார்ந்து பழகாத யாருக்கும். கை தேடிக்கொண்டே இருக்கிறது. தமயந்தி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இடது பக்கம்" என்கிறாள், மெதுவாக.